பல்லக்காவுக்குத் தெரியாத மஞ்சள்

பூட்டு ரிப்பேர் கடைக்கு மேலே, மாடியில் இருந்த பல் லேபில் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் யாருமில்லை. பல் டாக்டர்கள், அவர்களிடம் வேலை பார்க்கும் பெண்கள், கீழே பூட்டுக்காரர், எல்லாருக்கும் அவள் பல்லக்கா. "பல்லக்குல ஏறாத பல்லக்கா நான்தான்" என்று அவளே சொல்லிக்கொள்வாள். நாக்கு கொஞ்சம் நீளம். ஆனால் கை சுத்தம், கண் அதைவிடச் சுத்தம் என்று ஊரில் பாதி கிளினிக்குகள் அவளிடம்தான் வேலை கொடுத்தன.

உடைந்த பல்லுக்கு மேல் மாட்டும் கேப் செய்வதுதான் அவள் தொழில். டாக்டர் பல்லைச் செதுக்கி, அச்சு எடுத்து அனுப்புவார். இவள் அதில் கரைத்த பிளாஸ்டர் மாவு ஊற்றி வார்ப்பு எடுத்து, அதன்மேல் செராமிக் பொடியைக் குழைத்துத் தூரிகையால் கொஞ்சம் கொஞ்சமாக வைத்துப் பல்லாக்கி, சூளையில் சுட்டுப் பளபளப்பேற்றிக் கொடுப்பாள். கடைவாய்ப் பல் என்றால் அத்தோடு சரி. முன்பல் என்றால் டாக்டர்கள் ஆளையே மாடிக்கு அனுப்பிவிடுவார்கள். ஜன்னலோரம் ஒரு ஸ்டூல் இருந்தது. அதில் உட்காரவைத்து, உதட்டுச் சாயம் இருந்தால் துடைக்கச் சொல்லி, "நாக்கால பல்லை ஒரு தடவை நனைச்சுக்கங்க" என்பாள். ஒரு பார்வை பார்ப்பாள். உடனே முகத்தைத் திருப்பி, மேஜையில் கிடக்கும் சாம்பல் நிற அட்டையைப் பார்த்துக் கண்ணுக்கு ஓய்வு கொடுப்பாள். மறுபடி ஒரு பார்வை. அவ்வளவுதான். மாதிரிப் பற்கள் கோத்த பட்டையை அதற்குப் பிறகுதான் கையில் எடுப்பாள், அதுவும் ஊருக்காக.

"நல்லா வெள்ளையா வேணும்" என்று யாராவது கேட்டால் போச்சு.

"வெள்ளையா வேணும்னா சுவத்துக்கு அடிக்கிற சுண்ணாம்பு இருக்கு, அதைப் பூசிக்கங்க. பல்லுன்னா ஈறுகிட்ட மஞ்சள் இருக்கணும், நுனியில தண்ணி மாதிரி ஒரு நீலம் இருக்கணும். ரெண்டும் இல்லாட்டி அது பல்லு இல்ல, சட்டைப் பொத்தான்."

பொத்தான் அவளுக்குப் பிடித்த வார்த்தை. தங்கையைத் திட்டுவதற்கும் அதுதான். தங்கைக்கு லேபில் 'சின்னவள்' என்று பேர். புருஷன் விட்டுவிட்டுப் போனபிறகு அக்காவிடம் வேலைக்கு வந்தவள். மாவு கலப்பது, மெழுகு வைப்பது, சூளையைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. நிறம் பார்க்கும் ஜன்னலுக்கு அவளை அக்கா விட்டதே இல்லை. ஒரே ஒருதரம், வந்த புதிதில், ஒரு பல்லைப் பார்த்து ஏதோ ஒரு நிற ஷேடு சொன்னாள். அது தப்பு. அன்றிலிருந்து, வந்தவர் போனவர் எல்லார் எதிரிலும் பல்லக்கா சொல்வாள்: "இவளுக்குக் கண்ணு இருக்கிற இடத்துல ரெண்டு பொத்தானைத் தச்சு அனுப்பிட்டாங்க." எல்லாரும் சிரிப்பார்கள். சின்னவளும் சிரிப்பாள்.

பல்லக்காவின் கணவர் முன்பு பள்ளிக்கூட வேன் ஓட்டினார். பிறகு ஸ்கூட்டரில் பல் டப்பாக்களைக் கிளினிக்குகளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்து வந்தார். சாது. வீட்டில் ஒரு பேச்சு என்றால் மனைவி பேசுவாள், அவர் தலையாட்டுவார். ஒரே மகள். ஓட்டல் ஒன்றில் வரவேற்பு மேஜையில் வேலை. சிரித்த முகமாக நின்றுகொண்டே இருக்கவேண்டிய உத்தியோகம். பள்ளியில் படிக்கும்போது ஊஞ்சலிலிருந்து விழுந்து அவளுடைய முன்பல் ஒன்று பாதியாக உடைந்தது. அம்மாதான் அதற்குக் கேப் செய்தாள். எது நிஜம் எது செய்தது என்று மகளே கண்ணாடியில் தேடுவாள். பல்லக்கா வாழ்க்கையில் பெருமைப்பட்ட காரியங்களில் முதலாவது அது.

சர்க்கரை வியாதி அவளுக்குப் பல வருஷமாக இருந்தது. மாத்திரை போட்டால் போட்டாள், மறந்தால் மறந்தாள். ஒருநாள் காலை ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு பல்லைத் தூக்கிப் பார்த்தபோது கறுப்பு நூல் ஒன்று குறுக்கே மிதந்தது. தூரிகை முடிதான் ஒட்டிக்கொண்டது என்று பல்லைத் துடைத்தாள். நூல் போகவில்லை. கண்ணைத் துடைத்தாள். நூல் மெதுவாக நீந்திப் போய்த் திரும்பி வந்தது. பிறகு நூல் பலவானது.

கண் டாக்டர் சின்ன வயசுக்காரர். வேகமாகப் பேசினார்.

"சர்க்கரையால கண்ணுக்குப் பின்னாடி ரத்தக் குழாயெல்லாம் கண்டபடி முளைச்சிருக்கும்மா. இப்படியே விட்டா ஒருநாள் உடைஞ்சு கண்ணு பூரா ரத்தமாயிடும். அதுக்கப்புறம் பண்றதுக்கு ஒண்ணுமில்ல. லேசர்ல சுட்டு இப்பவே நிறுத்திடணும்."

"சுட்டா சரியாயிடுமா?"

"இப்ப இருக்கிற பார்வை நிக்கும். ஓரப் பார்வை கொஞ்சம் குறையலாம், இருட்டுல கொஞ்சம் தடுமாறலாம், கலர் கொஞ்சம் மங்கலாத் தெரியலாம். ஆனா கண்ணு தப்பிச்சுடும்."

கொஞ்சம், கொஞ்சம், கொஞ்சம். கணவரும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தார். கண் போய்விடும் என்ற பயத்துக்கு முன்னால் மற்றதெல்லாம் யார் காதிலும் ஏறவில்லை. மங்கல் என்றால் ஜன்னலில் தூசி படிந்த மாதிரி இருக்கும்போலும், துடைத்தால் போய்விடும் என்று அவள் நினைத்துக்கொண்டாள். என்ன வேலை செய்கிறீர்கள் என்று டாக்டர் கேட்டார். "பல்லு செய்றேன்" என்றாள். "நான் கண்ணு, நீங்க பல்லா? நல்ல ஜோடி" என்று அவர் சிரித்தார். அவளும் சிரித்தாள். அதற்குமேல் ரெண்டு பேரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

இருட்டு அறையில் மோவாயை ஒரு தாங்கியில் வைத்து, நெற்றியைப் பட்டையில் ஒட்டி உட்காரவைத்தார்கள். லேசரின் ஒவ்வொரு வெட்டுக்கும் பச்சை வெளிச்சம் கன்னத்தில் அறைவதுபோல வந்தது. கண்ணுக்கு உள்ளே யாரோ குண்டூசி முனையால் தட்டித் தட்டிப் பார்த்தார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெளியே வந்தபோது கணவரின் வெள்ளைச் சட்டை ரோஜா நிறத்தில் இருந்தது. வரவேற்பறைச் சுவர், நாற்காலி, அவர் மீசை எல்லாமே ரோஜா.

"என்னங்க, உங்களைப் பாத்தா மாப்பிள்ளை மாதிரி இருக்கு" என்றாள். வழியெல்லாம் அதையே சொல்லிச் சிரித்தார்கள். சாயங்காலத்துக்குள் ரோஜா நிறம் போய்விட்டது. டாக்டர் சொன்ன நிறக்கோளாறு இதுதான், வந்தது போய்விட்டது என்று முடிவு கட்டினாள். இரண்டு கண்ணுக்கும் இன்னும் சில தடவை போய்ச் சுட்டுக்கொண்டு வந்தாள். கறுப்பு நூல்கள் மெல்லக் கரைந்தன. ஊசியில் நூல் கோத்தாள். பத்திரிகை படித்தாள். கண் பிழைத்துவிட்டது.

முதலில் திரும்பி வந்தது ஒரு வாத்தியாரின் முன்பல். அனுப்பியவர் பெரிய டாக்டரம்மா. ஊரிலேயே அதிக வேலை கொடுப்பவர், பல்லக்காவிடம் மரியாதை உள்ளவர். போனில் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"பக்கத்துப் பல்லைவிட மஞ்சளா இருக்கு, பல்லக்கா. கொஞ்சம் இல்ல, நல்லாவே."

"உங்க ரூம்ல விளக்கை மாத்தினீங்களா டாக்டரம்மா?"

"ஜன்னல்கிட்ட கூட்டிட்டுப் போயும் பாத்தேன்."

புதுப் பொடி டப்பா சரியில்லை என்றாள் பல்லக்கா. அடுத்த வாரம் இன்னொரு பல் திரும்பியது. சூளையில் சூடு கூடிவிட்டது, சின்னவள் கவனிக்கவில்லை என்றாள். அதற்கடுத்தது வந்தபோது குழைத்து வைத்திருந்த பொடியை முழுக்கக் கீழே கொட்டிவிட்டுச் சின்னவளை ஒரு மணி நேரம் வைதாள். ஆடத் தெரியாதவளுக்கு மேடை கோணல் என்பார்கள். இவள் நன்றாக ஆடத் தெரிந்தவள், அதனால் மேடைதான் கோணல் என்று அவள் நம்பியதில் ஆச்சரியம் இல்லை.

நடந்தது இதுதான். பல்லின் கழுத்தில் வைக்கவேண்டிய மஞ்சளை அவள் குழைத்து வைப்பாள். வைத்தது அவள் கண்ணுக்கு வெளுப்பாகத் தெரியும். இன்னும் கொஞ்சம் வைப்பாள். இன்னும் கொஞ்சம். அவளுக்கு 'இப்போ சரி' என்று படும்போது அது மற்றவர்கள் கண்ணுக்கு மக்காச்சோள மஞ்சளாகியிருக்கும்.

வீட்டிலும் அடையாளங்கள் இருந்தன. முட்டையை உடைத்து ஊற்றிவிட்டு, "கோழிக்கு என்ன தீனி போடறானுங்களோ, கருவுல நிறமே இல்ல" என்று கடைக்காரனிடம் சண்டைக்குப் போனாள். மகளுடைய நீலத் துப்பட்டாவைப் பச்சை என்றாள். மகள் திருத்தியபோது, "உனக்கு உங்க சித்தி கண்ணு" என்றாள். கணவர் கறுப்புக் கால்சட்டை கேட்டால் கருநீலத்தைக் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் பேசாமல் அதையே போட்டுக்கொண்டு போனார்.

பிறகு திடீரென்று பற்கள் திரும்பி வருவது நின்றது. ஒரு மாதம், இரண்டு மாதம். ஒரு பல்கூட வரவில்லை. பெரிய டாக்டரம்மா போன் செய்து, "பழையபடி அருமையா இருக்கு" என்றார்.

"சொன்னேன்ல?" என்று பல்லக்கா தங்கையிடம் சொன்னாள். "பொடிதான் கெட்டுப்போச்சு. புது டப்பா வந்ததும் எல்லாம் சரியாயிடுச்சு. இத்தனை நாள் கழிச்சு என் கண்ணையே சந்தேகப்பட வச்சுட்டீங்க."

சின்னவள் சூளைக் கதவைத் திறந்து உள்ளே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தச் சமயத்தில்தான் மகளின் முன்பல் கேப்பை மாற்றவேண்டி வந்தது. ஈறு ஏறி, விளிம்பில் கறுப்புக் கோடு தெரிந்தது. ஓட்டலில் மேலாளர் ஒருதரம் சுட்டிக்காட்டிவிட்டார். பெரிய டாக்டரம்மா பழையதை எடுத்துவிட்டுத் தற்காலிகமாக ஒன்றை ஒட்டி அனுப்பினார். மகளை ஜன்னலோரம் ஸ்டூலில் உட்காரவைத்துப் பல்லக்கா பார்த்தாள். ஒரு பார்வை, சாம்பல் அட்டை, மறுபடி ஒரு பார்வை.

"நான் வேணா சூளையில வைக்கட்டுமாக்கா?" என்று சின்னவள் கேட்டாள்.

"வேண்டாம். இது என் பொண்ணோட பல்லு. முழுக்க நானே பண்றேன்."

சின்னவளுக்கு லீவான ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாடியைத் திறந்து தனியாக உட்கார்ந்து செய்தாள். ஒரு பகல் முழுக்கச் செய்தாள். மகளுடைய பல்லின் நுனி ஒரு பக்கம் மயிரிழை சாய்ந்திருக்கும். முகப்பில் மேலிருந்து கீழாக மிக மெல்லிய இரண்டு வரப்புகள் இருக்கும். அதையெல்லாம் அப்படியே கொண்டுவந்தாள். அவளே சுட்டாள், அவளே பளபளப்பேற்றினாள். யாரும் தொடவில்லை. அடுத்தநாள் அவளே டப்பாவை எடுத்துக்கொண்டு மகளோடு கிளினிக்குக்குப் போனாள்.

டாக்டரம்மா பல்லைப் பொருத்தினார். பொருத்திவிட்டுத் தலையைச் சாய்த்துப் பார்த்தார். "ஒரு வாரம் தற்காலிக சிமெண்ட்லயே ஒட்டி வைக்கிறேன். கடிக்கிறப்ப எப்படி இருக்குன்னு பாத்துட்டு நிரந்தரமா ஒட்டலாம்" என்றார். மகளிடம் கைக்கண்ணாடியைக் கொடுத்தார். மகள் பார்த்தாள். வெள்ளைப் பற்களுக்கு நடுவே பழைய பியானோக் கட்டை மாதிரி ஒன்று இருந்தது.

"எப்படி இருக்குடி?"

"சூப்பர்மா" என்றாள் மகள். கண்ணாடியைக் கவிழ்த்து வைத்தாள்.

அந்த வாரம் முழுக்க மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சளி என்றாள். பல்லக்கா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு ஒருநாள் சளி சரியாகிவிட்டது.

இன்னொரு ஞாயிற்றுக்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குச் சின்னவளும் வந்திருந்தாள். நாலு பேரும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். ஓட்டலில் ஒரு விருந்தாளி நீச்சல் குளத்தில் தன் பொய்ப்பல் செட்டைத் தொலைத்துவிட்டு, அதைத் தேடித் தரும்படி எல்லாரையும் குளத்தில் இறங்கச் சொன்ன கதையை மகள் சொன்னாள். சொல்லிக்கொண்டே வாய்விட்டுச் சிரித்தாள். பல்லக்காவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே மகளைப் பார்த்தவள் சிரிப்பை நிறுத்தினாள்.

"வாயைத் தொற."

"என்னம்மா?"

"தொறடி."

எழுந்துபோய் மகளின் மோவாயைப் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்பினாள். நிறத்தை அவள் பார்க்கவில்லை. நுனியைப் பார்த்தாள். சாய்வு இருந்தது, ஆனால் கொஞ்சம் அதிகமாக இருந்தது. கட்டைவிரலால் முகப்பைத் தடவினாள். வரப்பு ஒன்றுதான் இருந்தது. ஓரம் உருண்டிருந்தது. அந்த உருண்டை ஓரத்தை அவளுக்குத் தெரியும். எத்தனையோ மெழுகுப் பற்களில் அதைப் பார்த்து, 'ஓரத்தை உருட்டாதேடி' என்று தலையில் குட்டியிருக்கிறாள்.

"இது என் பல்லு இல்ல" என்றாள். கையை எடுக்காமலே தலையைத் திருப்பினாள். "நீ பண்ணியிருக்கே."

சின்னவள் தட்டைப் பார்த்தாள்.

"என் பல்லு என்னாச்சு?"

மகளுக்கு அழுகை வந்துவிட்டது. "அம்மா, ரொம்ப மஞ்சளா இருந்துச்சும்மா. வேலைக்குப் போக முடியல. நீ கஷ்டப்படுவேன்னுதான் சொல்லல."

"டாக்டரம்மா நல்லா இருக்குன்னாங்களே? மத்த பல்லெல்லாம் ஒண்ணுகூடத் திரும்பி வரலையே?"

அவள் கணவரைப் பார்த்தாள். அவருக்குப் பொய் சொல்லத் தெரியாது. சொல்லாமல் இருக்கத்தான் தெரியும். கேட்டால் சொல்லிவிடுவார். கேட்டாள், சொல்லிவிட்டார். சின்னவள் தினமும் காலையில் அக்கா வருமுன் லேபைத் திறந்து, முந்தின நாள் அக்கா முடித்து வைத்த முன்பற்களை ஜன்னலில் வைத்துப் பார்த்து, மேல் மஞ்சளைத் தேய்த்தெடுத்து, வேறு பொடி வைத்து மறுபடி சுடுகிறாள். சில சமயம் முழுப் பல்லையே புதிதாகச் செய்கிறாள். அவர் அதை எடுத்துப் போகிறார். டாக்டரம்மாவுக்குத் தெரியும். மற்ற கிளினிக்குகளுக்கும் தெரியும்.

"கீழ பூட்டுக்காரருக்கு?"

கணவர் தயங்கினார். "சாவியை அவர்கிட்டதான் கொடுத்து வச்சிருந்தோம். அதனால…"

"ஊரே கூடி என்னை இளிச்சவாயாக்கிட்டீங்க" என்றாள் பல்லக்கா. கத்தவில்லை. கத்தியிருந்தால் மற்றவர்களுக்கு லேசாக இருந்திருக்கும். "நான் பாட்டுக்கு முன்னாடி உக்காந்து கோலம் போட்டுகிட்டு இருந்திருக்கேன். நீங்கள்லாம் பின்னாடி நின்னு அழிச்சுகிட்டு இருந்திருக்கீங்க."

"உன் பேரு கெட்டுடக் கூடாதுன்னுதான்க்கா" என்றாள் சின்னவள்.

"என் பேரா? பொத்தான் கண்ணு நீ, என் பேரைக் காப்பாத்தினியா?"

அந்த வார்த்தை வந்திருக்கக் கூடாது. வந்துவிட்டது. சின்னவள் எழுந்து கை கழுவிக்கொண்டு வந்தாள். ஈரக் கையைத் துடைத்தபடி, அவசரமில்லாமல் பேசினாள்.

"நீ அப்படிச் சொல்றப்பல்லாம் நானும் சிரிச்சேன், ஞாபகம் இருக்கா? கோவம் வராம இல்லக்கா. ஆனா நெசம்னு நெனச்சேன். எனக்குக் கண்ணு சரியில்ல, ஏதோ அக்கா தயவுல மாவு கலக்கிப் பொழைக்கிறோம்னு நெனச்சேன். இந்த மூணு மாசமா உன் பல்லைத் திருத்தித் திருத்தித்தான் எனக்கே தெரிஞ்சுது. என் கண்ணு நல்ல கண்ணுதான். எப்பவுமே நல்ல கண்ணுதான். உன்னோடது கெட்டதுக்கு லேசர் காரணம். என்னோடதைக் கெட்டதுன்னு இத்தனை வருஷம் சொன்னியே, அதுக்கு என்ன காரணம்?"

சின்னவள் செருப்பை மாட்டிக்கொண்டு போனாள். மேஜையில் சோறு ஆறிப்போயிற்று.

மறுநாள் பல்லக்கா தனியாகக் கண் டாக்டரிடம் போனாள். வரிசையில் உட்கார்ந்து, முறை வந்ததும், "எனக்கு மஞ்சள் தெரியலை" என்றாள். அவர் ஒரு பெண்ணை அழைத்துப் பரிசோதிக்கச் சொன்னார். மரப்பெட்டி நிறைய வண்ண வில்லைகள். ஒன்றுக்குப் பக்கத்தில் அதற்கு நெருங்கிய நிறம் வருவதுபோல் அடுக்க வேண்டும். பல்லக்காவுக்கு உற்சாகமே வந்துவிட்டது. நிறத்தை நிறத்துக்குப் பக்கத்தில் வைப்பதுதானே அவள் பிழைப்பு? விறுவிறுவென்று அடுக்கினாள். ஒரு இடத்தில்கூடத் தயங்கவில்லை. பார்த்தால் ஒழுங்காக, அழகாக இருந்தது. அந்தப் பெண் வில்லைகளைத் திருப்பிப் பின்னால் இருந்த எண்களைக் குறித்துக்கொண்டாள். எண்கள் தாறுமாறாகக் கிடந்தன. நீலமும் பச்சையும் கலந்து, மஞ்சள் எங்கோ ரோஜாவுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்திருந்தது.

"நான் அப்பவே சொன்னேனேம்மா" என்றார் டாக்டர். கோபமாக இல்லை, நியாயமாகச் சொன்னார்.

"கொஞ்சம்னு சொன்னீங்க."

"கொஞ்சம்தான். மத்தவங்களா இருந்தா இப்படி ஒண்ணு ஆயிருக்குன்னே தெரிஞ்சிருக்காது. படிக்கிறீங்க, நடக்கிறீங்க, ஆளை அடையாளம் தெரியுது. லேசரைச் சொல்லியும் குத்தமில்ல. சர்க்கரையே இந்த நிறத்தைத்தான் முதல்ல தின்னும். எது எவ்வளவு தின்னுச்சுன்னு பிரிச்சுச் சொல்ல முடியாது. சுடாம விட்டிருந்தா இன்னிக்கு நீங்க யார் கையையாவது பிடிச்சுகிட்டுதான் இங்க வந்திருப்பீங்க."

அவர் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. அதுதான் அவளுக்கு ஆத்திரம். யாரையாவது ஒருத்தரைக் கைகாட்ட முடிந்திருந்தால் அவள் ஆறியிருப்பாள். மாத்திரையை மறந்தது அவள். கேட்க வேண்டியதைக் கேட்காதது அவள். சொல்ல வேண்டியதைச் சொல்லியே இருக்கிறார் அவர்.

"திரும்ப வருமா?"

"வராதும்மா."

"காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள்ம்பாங்க. அந்த வியாதி வந்திருந்தாலாவது குணமாயிருக்கும்" என்று சொல்லிவிட்டு எழுந்தாள். டாக்டர் சிரிப்பதா வேண்டாமா என்று யோசிப்பதற்குள் வெளியே போய்விட்டாள்.

சின்னவள் அதற்குப் பிறகு மாடிக்கு வரவில்லை. பெரிய டாக்டரம்மா தன் கிளினிக்குக்குப் பின்னால் காலியாக இருந்த அறையை அவளுக்கு ஒழித்துக் கொடுத்தார். பழைய சூளை ஒன்றும் கிடைத்தது. முன்பல் வேலையெல்லாம் ஒன்றொன்றாக அங்கே நகர்ந்தது. டாக்டரம்மா பல்லக்காவை மறந்துவிடவில்லை. ஒருநாள் தானே மாடி ஏறி வந்து, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து பேசினார்.

"உங்க கை மாதிரி இன்னொரு கை இல்ல, பல்லக்கா. கடைவாய்ப் பல்லு எல்லாம் உங்களுக்கே அனுப்பறேன். அதுக்குக் கடி சரியா உக்காந்தாப் போதும். நிறத்தை யார் பாக்கப்போறாங்க?"

"அதான், யாரும் பாக்காத பல்லு" என்றாள் பல்லக்கா. "அனுப்புங்க."

அனுப்பினார்கள். அவள் செய்தாள். கடைவாய்ப் பல் செய்வது லேசான வேலை இல்லை. மேடும் பள்ளமும் எதிர்ப் பல்லோடு பூட்டும் சாவியும்போல் பொருந்த வேண்டும். அவள் செய்ததில் ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. இந்தத் தடவை நிஜமாகவே திரும்பவில்லையா என்று அவள் கணவரிடம் அடிக்கடி கேட்டாள். நிஜமாகத்தான் என்று அவர் சத்தியம் செய்தார். சத்தியம் செய்யச் செய்ய அவளுக்குச் சந்தேகம் கூடியது. ஒருதரம் டப்பாவை மூடுமுன் பல்லின் அடியில் தன் அடையாளமாக ஒரு கீறல் போட்டு அனுப்பிவிட்டு, டாக்டரம்மாவுக்குப் போன் செய்து கீறல் இருக்கிறதா என்று கேட்டாள். இருந்தது. டாக்டரம்மாவுக்கு அந்தக் கேள்வி பிடிக்கவில்லை. இவளும் மன்னிப்புக் கேட்கவில்லை.

மகள் வாராவாரம் வருவது மாதம் ஒருதரமானது. வந்தால் அம்மா தன் வாயையே பார்ப்பதாக அவளுக்குப் பட்டது. அது உண்மைதான். சாப்பாட்டு மேஜையில் வேடிக்கைக் கதைகள் குறைந்தன. எந்தப் புடவை நல்லாயிருக்கு என்று மகள் கேட்பதை விட்டுவிட்டாள். கேட்காமல் விட்டது அம்மாவுக்குத் தெரிந்தது.

கணவரின் ஸ்கூட்டரில் இப்போது இரண்டு பைகள் தொங்கின. ஒன்றில் மனைவி செய்த கடைவாய்ப் பற்கள், இன்னொன்றில் மைத்துனி செய்த முன்பற்கள். இரண்டு இடத்துக்கும் அவர்தான் போய்வந்தார். ஒருநாள் சாயங்காலம் வந்து, தண்ணீர் குடித்துவிட்டு, செம்பைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார்.

"சின்னவ கேட்டா. காலையில ஒரு மணி நேரம் இங்க வந்து ஷேடு மட்டும் பாத்துக் கொடுக்கட்டுமான்னு. பணம் எதுவும் வேண்டாமாம். நீயும் முன்பல் செய்யலாமேங்கறா. வடிவம் உன் அளவுக்குத் தனக்கு வரலைன்னு அவளே சொல்றா."

பல்லக்கா ஒரு கடைவாய்ப் பல்லின் பள்ளத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை.

"அவ கண்ணை அவளே வச்சுக்கட்டும்னு சொல்லுங்க."

"அப்படியே சொல்லவா?"

"அப்படியேதான் சொல்லணும். ஒரு வார்த்தை மாத்தாம."

அவர் தலையாட்டினார். மறுநாள் திரும்பி வந்ததும், "சொன்னீங்களா?" என்று கேட்டாள்.

"சொல்லிட்டேன்."

"என்ன சொன்னா?"

"சரின்னா."

தங்கையை அவளுக்குத் தெரியும். அந்த வார்த்தையைக் கேட்டுவிட்டுச் சரி என்று சொல்கிறவள் இல்லை அவள். 'அக்கா யோசிக்கிறா' என்றோ 'அப்புறம் சொல்றேன்னா' என்றோதான் இவர் சொல்லியிருப்பார். அதற்குத்தான் சரி என்றிருப்பாள். கணவரின் முகத்தை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். அவர் பைகளைக் கொக்கியில் மாட்டிக்கொண்டிருந்தார்.

அவள் மறுபடி கேட்கவில்லை. சுரண்டிய தூசியை ஊதிவிட்டு, பல்லை வார்ப்பின்மேல் மாட்டி, எதிர் வார்ப்போடு கடிக்கவைத்துப் பார்த்தாள். சரியாக உட்கார்ந்தது.